வனஜாவின் பேரில்

திருப்பதி ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் என்னைச் சேர்த்த அன்று காலை, எங்கள் கையிலிருந்த ஓ.பி. சீட்டில் என் பெயர் இல்லை. வனஜா, பெண், என்று எழுதியிருந்தது. வயதும் என் மனைவியுடையதுதான். சீட்டு எழுதிக் கொடுத்தவர்மேல் தவறில்லை. அந்தப் பெயரை என் நோயின்மேல் சில ஆண்டுகளுக்கு முன்பே ஒட்டிவைத்தவன் நான்.

நான் ஒரு டாக்டர். இப்போது தொழில் செய்வதில்லை. பூர்வீகம் நகரிப் பக்கம். சித்தூரில் கிளினிக் வைத்திருந்தேன். வீட்டில் தமிழ், நோயாளிகளிடம் பெரும்பாலும் தெலுங்கு, மருந்துச் சீட்டில் ஆங்கிலம். ஊரில் மூலைக்கு மூலை எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்த காலம் அது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். என்னோடு படித்தவர்களில் பலர் அதற்கு முன்பே இங்கிலாந்து போய்விட்டார்கள். ஸ்கேன் மெஷினும் குளிர்சாதன அறையும் உள்ள நர்சிங் ஹோம்கள் வந்தன. எனக்குக் கூட்டம் குறையவில்லை. குறைந்துவிடும் என்று பயந்து, வந்தவர் எவரையும் திருப்பி அனுப்பாமல் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன்.

நோய் வந்ததை நான் முதலில் மூக்கால் அறிந்தேன். சித்தூரில் கோடை என்றால் மாங்காய் லாரிகள். கூழ் ஆலைகளில் பழம் அரைக்கிற நாட்களில் ஊர் முழுவதும் இனிப்பான, கொஞ்சம் புளித்த வாசனை நிற்கும். ஒரு கோடையில் அந்த வாசனை எனக்கு வரவில்லை. லாரிகள் போயின, ஈக்கள் வந்தன, வாசனை மட்டும் இல்லை. நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், யாரோ கிணற்றுக்குள்ளே துணி துவைப்பது போல இதயம் தூரத்தில் கேட்டது. கிளினிக் சுவர்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் லேசாக அசைந்தன. எனக்குத் துக்கம் ஒன்றும் இல்லை. அதைத்தான் பலர் தவறாக நினைக்கிறார்கள். மனச்சோர்வு நோய் என்பது அழுகை அல்ல. ருசி, தூக்கம், ஆசை, நாளைக்கு என்ற நினைப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டைக் காலி செய்துகொண்டு போவது. விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் வராது. பாடப்புத்தகத்தில் படித்த அடையாளங்கள் எல்லாம் எனக்கு இருந்தன. அவை நோயாளிகளுக்கு வருபவை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் எனக்கு நானே மருந்து எழுதினேன். கிளினிக்குக்கு எதிரே முனிரத்தினத்தின் மெடிக்கல் ஷாப். கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு. ஊரின் பாதிச் செய்தி அந்தப் பெஞ்சில்தான் பிறக்கும். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பெயர் எழுதும் இடத்தில் வனஜா என்று எழுதினேன். வீட்டு மனுஷிக்கு டாக்டர் எழுதித் தருவது வழக்கம்தானே. கம்பவுண்டர் போய் வாங்கிவந்தார். அவ்வளவு எளிதாக முடிந்தது.

மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இந்த மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். குறைந்த அளவில் தொடங்கிக் கூட்ட வேண்டும், நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் நிறுத்தக் கூடாது. நான் பாதி அளவு சாப்பிட்டேன், கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்தினேன், மறுபடி தொடங்கினேன். என் நோயாளி ஒருவர் இப்படிச் செய்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன்.

வனஜாவுக்கு இது தெரிந்த விதத்தை அவளே பிற்பாடு சொன்னாள். தலைவலி மாத்திரை வாங்க முனிரத்தினம் கடைக்குப் போயிருக்கிறாள்.

"அம்மா, உங்க மாத்திர வந்துடுச்சு. நேத்து கம்பவுண்டர்கிட்ட ஸ்டாக் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். கோச்சிக்காதீங்க."

"என் மாத்திரயா?"

"மனசுக்கும் தூக்கத்துக்கும் சார் எழுதித் தராரே, அதாம்மா."

பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். வனஜா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "குடு" என்றாளாம். அன்று மதியம் என் தட்டுக்குப் பக்கத்தில் அந்த மாத்திரை அட்டை இருந்தது. அவள் சாம்பார் ஊற்றினாள். அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு அப்போது வந்தது வெட்கம்கூட இல்லை, நிம்மதி. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு ஊர் அவளிடம் மெதுவாகப் பேசத் தொடங்கியது. கல்யாண வீடுகளில் அப்பளம் பொரிக்க உட்கார்ந்தால், "நீங்க எழுந்துக்குங்கம்மா, எண்ண சூடா கீது" என்று யாராவது கரண்டியை வாங்கிக்கொள்வார்கள். மீதிச் சில்லறையை அவள் கையில் இரண்டு முறை எண்ணிக் கொடுப்பார்கள். என்னிடம், "அம்மா எப்பிடி கீறாங்க சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "பரவாயில்ல" என்பேன்.

எங்கள் மகள் ஹேமாவுக்கு அமெரிக்காவில் வேலை செய்யும் பையன் ஒருவனைப் பார்த்தோம். நாள் குறிக்கிற அளவுக்கு வந்து நின்றுபோயிற்று. பெண்ணின் தாய்க்கு மூளைக் கோளாறாம், வம்சத்தில் வருமாம் என்று பையன் வீட்டார் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். ஹேமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு அழுதாள்.

"எல்லாம் உன்னாலதாம்மா. இன்னா மாத்திர அது? ஏன் என்கிட்ட சொல்லல?"

வனஜா தயிர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. இப்போது பேச வேண்டியவன் நான் என்று சொல்வது போன்ற பார்வை. நான் கையைக் கழுவிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

அடுத்த சில மாதங்களில் என் நண்பன் பாஸ்கர் இறந்தான். மயக்க மருந்து டாக்டர், எங்கள் பக்கத்துத் தெரு. தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். வெளியே மாரடைப்பு என்று சொன்னோம். எங்கள் தொழிலில் அது எப்போதும் மாரடைப்புதான். சொன்னவர்களில் நானும் ஒருவன். கடைசியாகப் பார்த்தபோது, "தூக்கமே இல்லடா" என்றான். "யாருக்குத்தான் இருக்கு" என்று சிரித்தேன். இரண்டு நோயாளிகள் ஒருவரிடம் ஒருவர் ஆரோக்கியமாக நடித்துவிட்டுப் பிரிந்தோம்.

அவன் சாவுக்குப் போய் வந்த அன்று, அவனுக்கு நடந்தது எனக்கும் நடப்பதுதான் சரி என்ற எண்ணம் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. அது என் குரலிலேயே பேசியதால் என் எண்ணம் என்று நம்பினேன். நோய்தான் பேசியது என்பது தெளிந்த பிறகுதான் புரிந்தது. மறுநாள் கிளினிக் மருந்து அலமாரியின் சாவியைத் தேடினேன். வனஜாவின் தாலிச் சரட்டில் தொங்கியது.

"எழுந்துக்குங்க. திருப்பதி போறோம்" என்றாள்.

"எதுக்கு?"

"மொட்டையடிக்க. வேற எதுக்கு."

வாடகைக் கார். எங்கள் காரை ஓட்டுகிற நிலையில் நான் இல்லை. சந்திரகிரி தாண்டி, மலை தெரிந்ததும் அவள் சொன்னாள்: "அங்க என் பேர்லயே சீட்டு எழுதிக்கிறேன். உங்க பேரு தெரிஞ்சா நாளைக்கு கிளினிக்குக்கு ஒருத்தன் வரமாட்டான். என் பேரு எப்படியும் போயாச்சு."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம் கனவில் வருகிற இடம் போலிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் பலர். மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வரிசை வரிசையாக மஞ்சள் தலைகள், ஆணா பெண்ணா என்று சட்டெனத் தெரியாது. எல்லாரும் ஒரே ஆள், அந்த ஒரே ஆளுக்குப் பல இடங்களில் வலி என்று எனக்குத் தோன்றிற்று. மின்விசிறி சுற்றியது. "வனஜா" என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். "துணைக்கு வந்தவரு யாரு, அவரும் வாங்க" என்றார் நர்சு. நான் எழுந்தேன்.

உள்ளே இருந்த டாக்டர் எங்களைவிட மிகவும் இளையவர், ஒரு பெண். அவருடைய தமிழில் தெலுங்கு வாசம் அடித்தது.

"செப்பண்டி வனஜா காரு. தமிழ்லயே சொல்லுங்க, எனக்குப் புரியுது."

வனஜா சொல்லத் தொடங்கினாள். "விடிகாலைல முழிப்பு வந்துடுது. அப்புறம் தூக்கமே இல்ல. எழுந்து போய் கார்ல உக்காந்துக்கினு இருப்பேன். வண்டிய எடுக்கமாட்டேன். சும்மா ஸ்டியரிங்க புடிச்சிக்கினு இருப்பேன்."

"கார் ஓட்டுவீங்களாம்மா?"

"ஓட்ட வராது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் அவளை, பிறகு என்னை. குறித்துக்கொண்டார்.

"சாப்பாடு?"

"துன்றேன். ருசி தெரியல. ஒருநாள் வேணும்னே ரசத்துல உப்பு போடாம வெச்சேன். கம்முனு துன்னுட்டு எழுந்து போயிட்டாரு." ஒரு நொடி நிறுத்தினாள். "போயிட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் அவளைத் திருத்தவில்லை. நானோ வேறொரு உலகத்தில் இருந்தேன். என் நோய் என்னிடமிருந்து எழுந்து போய் எதிர் நாற்காலியில் ஒரு நூல் புடவை கட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தது. ஒரு அடையாளத்தைக்கூட விடவில்லை. நான் மறைத்தேன் என்று நினைத்த ஒவ்வொன்றையும் அவள் பார்த்திருந்தாள். நான் பார்த்த எந்த நோயாளியைப் பற்றியும் எனக்கு இவ்வளவு தெரியாது.

"செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். சாதாரணமாக, பசிக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டார்.

வனஜா வாயைத் திறந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"அது மட்டும் எனக்குத் தெரியாதும்மா" என்றாள். அத்தனை ஆண்டுகளில் அவள் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"தோணுது" என்றேன். "எனக்கு. அவளுக்கில்ல."

டாக்டர் சீட்டை எடுத்தார். "உங்க பேரு சார்?"

"தாமோதரம்."

"என்ன வேலை?"

"டாக்டர்."

"ம்" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டார். எத்தனை நாளாகத் தோன்றுகிறது, ஏதாவது திட்டம் இருக்கிறதா, அந்த எண்ணம் வரும்போது யாரிடம் சொல்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் இத்தனை வருடத் தொழிலில் நான் யாரிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போலாகும் என்று நம்பியிருந்தேன். அது பொய். கேட்டபோது எனக்குள் எதுவும் புதிதாக முளைக்கவில்லை. மூடிக் கிடந்த அறையில் ஒருவர் வந்து ஜன்னலைத் திறந்தது போலத்தான் இருந்தது. பாஸ்கரை நான் கேட்டிருக்கலாம்.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் இதே போன்ற சோர்வு வரும், அதனால் அதைப் பார்ப்பார்கள். மாத்திரைகள் இதயத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரிய ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்றும் டாக்டர் விளக்கினார். மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது சிலருக்கு முதலில் உடம்பில் தெம்பு வரும், மனம் பிறகுதான் தெளியும். அந்த இடைவெளியில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பாடம்தான். பிறர் வாயால் கேட்டபோதுதான் அது எனக்கும் பொருந்தும் என்று ஏற்றேன்.

என் கட்டிலுக்கு எதிரே ஜன்னல். மாலை மங்கினால் மலைப்பாதையில் வண்டிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவது தெரியும். மருந்து மயக்கத்தில் அவை என் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவதாகத் தோன்றும். ஒன்று வளைவில் மறைந்தால் மூச்சைப் பிடித்திருப்பேன். மறுபடி தெரிந்தால் விடுவேன். அப்படியே தூங்கிவிடுவேன். ஒரு கனவில் பாஸ்கர் அந்த மஞ்சள் தலைகளோடு வரிசையில் நின்றான். "என் பேரக் கூப்பிட்டாங்களாடா?" என்று கேட்டான். "இன்னும் இல்ல, உக்காரு" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. அழ முடிந்ததே என்று நர்சு சந்தோஷப்பட்டார்.

வனஜா தரையில் பாய் விரித்துப் படுத்தாள். நான் புரண்டால் அவள் வளையல் சத்தம் கேட்கும். நான் விழித்திருக்கிறேனா என்று அவள் பார்க்கிறாள், தானும் விழித்திருப்பதாகச் சொல்கிறாள். சாவி அவள் கழுத்திலேயே இருந்தது. சித்தூர் அலமாரியின் சாவி திருப்பதியில் எதற்கு என்று கேட்டேன். "எனக்குத் தூக்கம் வரணுமில்ல" என்றாள்.

ஹைதராபாத்தில் வேலையிலிருந்த ஹேமா பஸ் பிடித்து வந்தாள். அறைக்குள் நுழைந்தவள், கட்டிலில் நான் படுத்திருப்பதையும் கீழே அம்மா உட்கார்ந்திருப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. என்னிடம் வரவில்லை. அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் பின்னலை அவிழ்த்துத் தலைவார ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"நைனா சொல்லுவாருன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா இன்னாடி. அவரு உயிரோட கீறாரு இல்ல."

சீப்பு மறுபடி ஓடிய சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்து ஹேமா எழுந்து வந்து என் காலடியில் போர்வையை இழுத்துச் செருகினாள். அது மன்னிப்பா என்று தெரியவில்லை. கால் சூடாக இருந்தது.

ஒரு காலை, பக்கத்துக் கட்டிலில் யாரோ பங்கனப்பள்ளி மாம்பழம் நறுக்கினார்கள். வாசனை வந்தது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "வனஜா, மாம்பழம்" என்றேன். அவள் ஓடிப்போய் அவர்களிடம் வெட்கமில்லாமல் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பில் வந்தது. பயந்த அளவுக்கு இல்லை என்றாலும் அதிகம்தான். டாக்டர்களுக்குச் சலுகை உண்டு, எழுதிக் கொடுங்கள் என்றார் பில் கவுண்டரில் இருந்தவர். வனஜா சிரித்தாள். நான் சேர்ந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"இதுக்கு மட்டும் டாக்டருன்னு சொல்லிக்கலாமா?"

முழுப் பணத்தையும் கட்டினோம்.

சித்தூருக்கு வந்ததும் முனிரத்தினம் கடைக்கு நானே நடந்துபோனேன். சீட்டை நீட்டினேன். அவர் பெயரைப் படிக்காமல் மருந்தை மட்டும் படித்தார்.

"அம்மாகா சார்?"

"காது. நாக்கே" என்றேன். அம்மாவுக்கு இல்லை, எனக்குத்தான்.

அவர் சீட்டை மறுபடி பார்த்தார். முகம் மாறியது. மாத்திரைகளைப் பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார். இனி ஊருக்குத் தெரிந்துவிடும், நாம் போய் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். வனஜாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் "சரி" என்றாள்.

ஊருக்குத் தெரியவில்லை. என் மனைவியைப் பற்றி ஊர் முழுக்கச் சொன்ன முனிரத்தினம், என்னைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. அது அவர் எனக்குக் காட்டிய மரியாதை. அவர் சொல்லவில்லை என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. கல்யாண வீடுகளில் இன்னமும் வனஜாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார்கள். கிளினிக்கில் கூட்டம் குறையவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்கள் போயின. ஹேமாவுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி அவள் வெளிநாடு போனாள். நான் மருந்தை விடாமல் சாப்பிட்டேன், நன்றாக இருந்தேன். வனஜாவின் பெயர் அப்படியே இருந்தது.

சென்ற ஆண்டு வனஜா சிறுநீரகக் கோளாறில் இறந்தாள். காரியத்தன்று பந்தலில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். என் பழைய நோயாளி, நல்ல மனுஷர். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மா புண்ணியம் பண்ணவங்க சார். தல சரியில்லாதவங்கள வேற யாரா இருந்தா இத்தினி வருஷம் வெச்சிக் காப்பாத்துவாங்க?"

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. நோய் எனக்குத்தான். இன்னிக்கும் மாத்திர போடறது நான்தான். காப்பாத்தினது அவ" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையை இன்னும் இறுக்கினார். "போனவங்கள விட்டுக்குடுக்காம பேசறீங்க பாருங்க. அதான் சார் நீங்க" என்றார். பக்கத்திலிருந்தவர்களும் தலையாட்டினார்கள். பிறகு இலை போட்டாயிற்று என்று யாரோ கூப்பிட, எழுந்து பந்திக்குப் போனார்கள்.

நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இனி வாயால் எவ்வளவு சொன்னாலும் அது என் நல்ல குணத்தில்தான் போய்ச் சேரும் என்று புரிந்தது. அதனால் எழுத்தில் வைக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் டாக்டர்கள் இருந்தால், உங்கள் சீட்டை இன்னொரு டாக்டர் எழுதட்டும். அதில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

நோயாளியின் பெயர் தாமோதரம். வனஜா துணைக்கு வந்தவள்.